காஸ் வாடை வந்தால்

டீ கொஞ்சம் ஆறட்டும், அதற்குள் ஒரு வகுப்பறையைக் கற்பனை செய்துகொள்வோம். அம்பத்தூரில் நாலாம் வகுப்பு. கடைசி மணி அடித்ததும் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறார்கள். ஒருத்தி மட்டும் ஏற்கெனவே துடைத்த போர்டை மறுபடி துடைக்கிறாள். "கிளம்பலையா?" "இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேன் மிஸ்." அம்மாவுக்கு இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் இரண்டாம் ஷிஃப்ட். இப்போது வீட்டில் யார் என்று கேட்டால் பதில் இல்லை.

ஒன்றுமே இல்லாமலும் இருக்கலாம். ஆசிரியர்களுக்கான குழந்தைப் பாதுகாப்புப் பயிற்சியில் முதலில் பழகுவது, மாறுதலைக் கவனிப்பதுதான். கலகலவென்று பேசியவள் திடீரென ஊமையாவது, நாற்காலியில் உட்காரும்போது முகம் சுளிப்பது, மே மாத வெயிலிலும் முழுக்கைச் சட்டை. முழங்காலில் சிராய்ப்பு என்றால் பெரும்பாலும் விளையாட்டு. காதிலோ முதுகிலோ தொடையிலோ கன்றிப்போயிருந்தால், அது எப்படி வந்தது என்று மனம் ஒரு கணம் நிற்க வேண்டும்.

இங்கேதான் எல்லோரும் தடுக்கி விழுகிறோம். "ஆதாரம் இல்லாம எப்படிங்க புகார் கொடுக்கிறது?" ஸ்டாஃப் ரூமில் நல்ல மனசுள்ளவர்கள்கூடக் கேட்பார்கள். குழந்தைகள் மீதான பாலியல் குற்றங்களுக்காக 2012 நவம்பர் 14 முதல் நடப்பில் இருக்கும் போக்சோ சட்டம் ஆதாரம் கேட்கவில்லை. குற்றம் நடந்ததாகத் தெரிந்தாலோ, நடக்கக்கூடும் என்ற அச்சம் இருந்தாலோ தெரிவித்தே ஆக வேண்டும் என்கிறது அதன் 19ஆம் பிரிவு. நல்லெண்ணத்தோடு சொன்னவர்மீது வழக்கு வராது. சொல்லாமல் இருந்தால்தான் ஆறு மாதம் வரை சிறை. தனக்குக் கீழே வேலை செய்பவரின் குற்றத்தை நிறுவனத் தலைவர் மறைத்தால் ஓராண்டு வரை.

அடுப்படியில் காஸ் வாடை வருகிறது. ஓட்டை எங்கே என்று பார்க்கத் தீக்குச்சியா கிழிப்போம்? ரெகுலேட்டரை மூடி, ஜன்னலைத் திறந்து, ஏஜென்சிக்கு போன் செய்வோம். பிள்ளையைத் துருவித் துருவி விசாரிப்பது தீக்குச்சி. வகுப்பாசிரியர் கேட்டு, எச்எம் கேட்டு, கரஸ்பாண்டன்ட் கேட்டு, "அப்பாவையும் கூப்பிடுங்க" என்பதற்குள் பிள்ளை "சும்மாதான் சொன்னேன்" என்று பின்வாங்கிவிடும். கூப்பிட்ட ஆளே காரணமாகவும் இருக்கலாம்.

அப்படியானால் ஆசிரியர் செய்வது என்ன? பக்கத்தில் உட்கார்ந்து கேட்பது. "சொன்னது நல்லதும்மா, உன்மேல தப்பே இல்ல" என்பது. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று மட்டும் வாக்குக் கொடுக்கக் கூடாது. மீறியாக வேண்டிய வாக்கு அது. பிறகு குழந்தைகள் உதவி எண்ணான 1098, அல்லது காவல் நிலையம். வாக்குமூலம் வாங்க வரும் போலீஸ் சீருடையில் வரக் கூடாது என்பதும் சட்டம்தான். அடி, பட்டினி என்றால் சட்டம் வேறு, ஆனால் கூப்பிடும் எண் அதே 1098.

2004இல் சென்னையில் தொடங்கிய துளிர் போன்ற அமைப்புகள், போக்சோ வருவதற்கு முன்பே குழந்தைகள் மீதான பாலியல் அத்துமீறலைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டன. 2021இல் சென்னைப் பள்ளிகளைப் பற்றிப் பாலியல் புகார்கள் வெளிவந்த பிறகு, பிள்ளைகள் புகாரை எழுதிப் போட 'மாணவர் மனசு' பெட்டிகளைப் பள்ளிகளில் வைக்கச் சொன்னது தமிழக அரசு; 14417 என்ற உதவி எண்ணையும் பிள்ளைகளிடம் கொண்டுபோனது. நான் போன ஒரு பள்ளியில் அந்தப் பெட்டி எச்எம் அறை வாசலிலேயே தொங்கியது. எந்தப் பிள்ளை அங்கே சீட்டுப் போடும்?

இன்னொன்று, எழுதிவைப்பது. பிள்ளை எந்தச் சொல்லைச் சொன்னதோ அதே சொல். நம்முடைய டாக்டர் பாஷையோ வக்கீல் பாஷையோ வேண்டாம். போர்டு துடைத்த அந்தப் பெண்ணைப் பற்றி இன்றைக்கு டீச்சரின் நோட்டில் ஏற வேண்டியது இவ்வளவுதான்: தேதி, கிழமை, மணி நாலரை. 'இன்னும் கொஞ்ச நேரம் இருக்கேன் மிஸ்' என்றாள். போர்டை இரண்டு முறை துடைத்தாள்.