ஒரு வீடியோப் படம் பரவுவதும் ஓய்வதும்

2011 நவம்பர் 16ஆம் நாள் ‘3’ என்னும் தமிழ்த் திரைப்படத்தின் ‘கொலவெறி’ப் பாட்டு யூடியூபில் வீடியோப் படமாக வெளியாயிற்று. சில நாட்களுக்குள் அது மாட்டுங்கா, செம்பூர், தாராவி முதலிய இடங்களில் வாழும் மும்பைத் தமிழரைக் கடந்து, தமிழ் அறியாதார் வாயிலும் முணுமுணுக்கப்பட்டது. 2012 மார்ச் 30 அன்று திரைப்படம் வெளிவந்தபோதோ, அப்பரபரப்பு பெரும்பாலும் அடங்கிவிட்டிருந்தது.

இத்தகைய எழுச்சியையும் தாழ்ச்சியையும் விளக்கும் கணிதத்துக்கு மும்பையோடு பழைய உறவு உண்டு. 1927இல் கெர்மாக், மெக்கெண்டிரிக் என்னும் இருவர் கொள்ளைநோய் பரவும் முறையைச் சமன்பாடுகளாக வகுத்தனர். அவர்களுள் மெக்கெண்டிரிக் இந்திய மருத்துவப் பணியில் இருந்தவர். 1905 டிசம்பர் முதல் 1906 ஜூலை வரை பம்பாயில் பிளேக் நோயால் வாரந்தோறும் நேர்ந்த மரணங்களையே அவர்கள் சான்றாகக் கொண்டனர். அவ்வரைபடம் குன்று போல் எழுந்து சரிகின்றது.

வீடியோப் படத்தைப் பொறுத்தவரை மக்களை மூவகையாகப் பிரிக்கலாம்: இன்னும் பார்க்காதவர், பார்த்துப் பிறருக்கு அனுப்புபவர், பார்த்துச் சலித்தவர். ஆயிரம் பேர் கொண்ட ஓர் ஊரில் ஒவ்வொருவரும் இருவருக்கு அனுப்புவதாகக் கொள்வோம். தொடக்கத்தில் பெறுவோர் அனைவரும் புதியவராதலின் தொகை 1, 2, 4, 8 என இரட்டிக்கின்றது. பாதி ஊர் பார்த்தபின், அனுப்பும் இரண்டில் ஒன்று முன்னரே பார்த்தவரிடம் போய் வீணாகும். அப்போது ஒருவரால் ஒருவரே புதிதாகச் சேர்வர், வளர்ச்சி நின்றுவிடும். அதன்பின் இறக்கமே. படத்தின் தரம் குறைந்ததன்று, பார்க்காதவர் குறைந்தனர்.

எனினும், குன்றின் வடிவம் ஒத்திருப்பது கொண்டு காரணமும் ஒன்றே எனத் துணிதல் கூடாது. பிளேக் எலிகளின் தெள்ளுப்பூச்சியால் பரவுவது. பம்பாய்க் கணக்கில் பருவநிலைக்கும் பங்கு உண்டு. வீடியோப் படமும் மனிதர் அனுப்புவதால் மட்டுமன்றி, யூடியூப் தானே பரிந்துரைப்பதாலும் பரவுகின்றது.

பாட்டு ஓய்ந்தால் நட்டமில்லை. வதந்தி தானே ஓயும் வரை காத்திருக்க இயலாது. கராச்சியில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விளம்பரப் படமொன்று, அதன் விளக்கப் பகுதி வெட்டப்பட்டு, உண்மையான பிள்ளைக் கடத்தல் போல இந்தியாவில் சுற்றியது. இத்தகைய வதந்திகள் மலிந்திருந்த 2018 ஜூலை 1 அன்று, மகாராஷ்டிரத்தின் துளே மாவட்டத்தில் ஐவர் பிள்ளை பிடிப்போர் என ஐயுற்று அடித்துக் கொல்லப்பட்டனர்.

ஆகவே முதல் சில நாட்களே முக்கியம். படம் ஊருக்குள் வருமுன் ஆசிரியரோ கிராமப் பணியாளரோ அதன் பொய்மையை எடுத்துரைத்தால், கேட்டவர்களுட் பலர் அதனை அனுப்பமாட்டார்கள். அனுப்பும் எண்ணிக்கையைக் குறைத்தாலும் இதே பயன் விளையும். 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் ஒரு செய்தியை ஒரே முறையில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் அனுப்பவியலாதவாறு வரம்பிட்டது. பலமுறை கைமாறிய செய்திகளுக்கு 2020 ஏப்ரலில் அவ்வரம்பு ஒன்றாகக் குறைக்கப்பட்டது.