408 வைரம் பதித்த மன்னர் பரிசு!

பொடி டப்பிக்கு அரசியலில் என்ன வேலை என்று கேட்கலாம். பதினெட்டாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் அதற்கு நிறைய வேலை இருந்தது!

அந்தக் காலத்து அரண்மனைகளில் மூக்குப்பொடி ஒரு நாகரிகம். மன்னர் போட்டார், மந்திரி போட்டார், சீமாட்டிகளும் போட்டார்கள். ஆனால் பொடியைவிட டப்பிக்குத்தான் மதிப்பு அதிகம். உள்ளங்கையில் அடங்கும் தங்கப் பேழை. மூடியில் மன்னரின் சிறிய வர்ணப் படம். அதைச் சுற்றி வைரங்கள். உடன்படிக்கை கையெழுத்தானாலும், தூதர் வேலை முடிந்து ஊர் திரும்பினாலும், அரண்மனையிலிருந்து இப்படி ஒரு டப்பி வந்துவிடும். 1821-ல் இங்கிலாந்தின் நான்காம் ஜார்ஜ் முடிசூடியபோது, அயல்நாட்டுத் தூதர்களுக்குக் கொடுத்த டப்பிகளுக்கு மட்டும் நகைக் கடைக்குச் சேர்ந்த தொகை 8,205 பவுன்!

வாங்கியவர்கள் எல்லோரும் அதில் பொடி வைத்துக்கொண்டார்கள் என்று எண்ணிவிட வேண்டாம். பலர் நேரே நகை வியாபாரியிடம் போய்ப் பணமாக்கிக் கொண்டார்கள். அதே டப்பி மறுபடி அரண்மனைக்கு விலையாகி, வேறொரு தூதரின் கைக்குப் போவதும் உண்டு. ரொக்கமாகக் கொடுத்தால் லஞ்சம். டப்பியாகக் கொடுத்தால் மரியாதை!

குடியரசுக்கு வந்த சங்கடம்

இந்த மரியாதையைக் கண்டு அஞ்சியவர்கள் அமெரிக்கர்கள். மன்னராட்சியை உதறிவிட்டு வந்தவர்கள் அல்லவா? அரசாங்கப் பதவியில் இருப்பவர் எவரும் அயல்நாட்டு மன்னரிடம் பரிசு வாங்கக் கூடாது என்று தங்கள் முதல் கூட்டாட்சி ஒப்பந்தத்திலேயே எழுதி வைத்தார்கள். ஆனால் அவர்களுடைய சுதந்திரப் போருக்குப் பணமும் படையும் தந்து உதவியவர் பிரெஞ்சு மன்னர் பதினாறாம் லூயி. அவர் அன்போடு நீட்டுவதை வேண்டாம் என்று எப்படிச் சொல்வது?

1785-ல் பெஞ்சமின் பிராங்க்ளின் தூதர் வேலையை முடித்துக்கொண்டு பாரிசை விட்டுப் புறப்பட்டார். அப்போது அவருக்கு வயது 79. சிறுநீர்ப்பையில் கல், வண்டி குலுங்கினால் உயிர் போகும் வலி. ஆகவே கோவேறு கழுதைகள் சுமக்கும் ராணியின் பல்லக்கில் துறைமுகத்துக்குப் போனார். மன்னர் தந்த பரிசும் அவரைச் சேர்ந்தது. பொடி டப்பி என்றே பெயர் பெற்றுவிட்ட அந்தப் பரிசு, மன்னர் படம் பதித்த தங்கப் பேழை. மேலே கிரீடம், சுற்றிலும் இரண்டு வளையம், மொத்தம் 408 வைரங்கள்!

பிராங்க்ளின் அதை ஒளிக்கவில்லை. காங்கிரஸ் சபையிடம் அனுமதி கேட்டார், 1786-ல் கிடைத்தது. (ஸ்பெயின் மன்னர் கொடுத்த குதிரையை வைத்துக்கொள்ள ஜான் ஜே என்ற மந்திரி அனுமதி பெற்றதும் அப்போதுதான்.) ஆனாலும் தலைவர்களின் மனக்கலக்கம் தீரவில்லை.

1787 ஆகஸ்டில், அரசியல் சட்டம் எழுதப் பிலடெல்பியாவில் கூடிய மாநாட்டில் சார்லஸ் பிங்க்னி எழுந்தார். காங்கிரசின் சம்மதம் இல்லாமல் எந்த அதிகாரியும் எந்த மன்னரிடமும் பரிசு பெறக் கூடாது என்ற விதி சேர்ந்தது. அந்த மாநாட்டில் பிராங்க்ளினும் ஒரு பிரதிநிதி! மறு ஆண்டு வர்ஜீனியாவில் எட்மண்ட் ராண்டால்ப் விஷயத்தை உடைத்தே சொல்லிவிட்டார்: நட்பு மன்னர் நம் தூதருக்குக் கொடுத்த ஒரு பெட்டிதான் இந்த விதிக்குக் காரணம் என்று.

ஜெபர்சனின் ரகசியம்

அடுத்து அகப்பட்டுக்கொண்டவர் தாமஸ் ஜெபர்சன். பிராங்க்ளினுக்குப் பின் பாரிசில் தூதராக இருந்து 1789-ல் ஊர் திரும்பியவர். அவருக்கும் வழக்கப்படி மன்னரின் வைரப் படம் தயாராயிற்று. அதோடு ஒரு செலவும் வந்தது. விடைபெறும் தூதர், தம்மை அரண்மனையில் அறிமுகம் செய்த அதிகாரிகளுக்குச் சன்மானம் கொடுக்க வேண்டும்! ஜெபர்சன் பாரிசிலிருந்த தம் காரியதரிசி வில்லியம் ஷார்ட்டுக்கு எழுதினார். ரகசியமாக வைரங்கள் பெயர்க்கப்பட்டு விற்பனையாயின. அந்தப் பணம் செலவுக்கு ஈடாயிற்று. காங்கிரசிடம் அவர் அனுமதி கேட்கவே இல்லை. சுதந்திரப் பிரகடனத்தை எழுதிய மனிதர் இவர்!

பிராங்க்ளின் 1790-ல் காலமானார். உயிலில் வைரப் படத்தை மகள் சாராவுக்கு வைத்தார். ஒரு நிபந்தனை: வைரங்களை எடுத்துத் தனக்கோ தன் பெண்களுக்கோ நகை செய்துகொள்ளக் கூடாது, நகை மோகத்தை நாட்டில் பரப்பக் கூடாது. மகள் நகை செய்யவில்லை. தந்தை சொல்லைத் தட்டவில்லை. சில வைரங்களை விற்று, 1792-ல் கணவருடன் இங்கிலாந்துக்குக் கப்பல் ஏறினாள்!

மறு ஆண்டு ஜனவரியில், படத்தில் இருந்த மன்னரின் தலை பாரிசில் துண்டிக்கப்பட்டது.

அந்தப் படம் பிராங்க்ளின் தோற்றுவித்த அமெரிக்கத் தத்துவக் கழகத்திடம், பிலடெல்பியாவில் இருக்கிறது. 408 வைரங்களில் அதில் மிஞ்சியது ஒன்றே ஒன்று.