ஒரு சுற்றில் முடிவான பட்டம்: 1992 அட்லாண்டா பந்தயத்தின் இயற்பியலும் கணக்கும்

அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் உள்ள அட்லாண்டா மோட்டார் ஸ்பீட்வே தடத்தில் 1992 நவம்பர் 15 அன்று நடைபெற்ற 'ஹூட்டர்ஸ் 500' பந்தயம், அந்த ஆண்டின் வின்ஸ்டன் கோப்பை ஸ்டாக் கார் தொடரில் இடம்பெற்ற 29 பந்தயங்களுள் இறுதியானது. அன்றைய பந்தயத்தில் முதலாவதாக வந்தவர் பில் எலியட். ஆனால் ஆண்டின் சாம்பியன் பட்டத்தைப் பெற்றவர், அவருக்குச் சுமார் 8 விநாடிகள் பின்தங்கி இரண்டாவதாக வந்த ஆலன் குல்விக்கி. 328 சுற்றுகள் கொண்ட அந்தப் பந்தயத்தில் ஒரேயொரு சுற்று மட்டும் கைமாறியிருந்தால் பட்டமும் கைமாறியிருக்கும் என்பதே இந்நிகழ்வை அறிவியல் நோக்கில் ஆராயத் தக்கதாக ஆக்குகிறது.

ஸ்டாக் கார் எனப்படுவது தொடக்கத்தில் விற்பனை நிலையத்தில் எவரும் வாங்கக்கூடிய சாதாரணக் காரையே குறித்தது. 1948-இல் நிறுவப்பட்ட 'நாஸ்கார்' அமைப்பு இப்பந்தயங்களை முறைப்படுத்திய பின்னர், வேகமும் பாதுகாப்பும் கருதி வாகனங்கள் படிப்படியாக மாற்றப்பட்டன. 1992-க்குள் அவை வெளித்தோற்றத்தில் மட்டும் கடைவீதிக் கார்களை ஒத்திருக்க, உள்ளே எஃகுக் குழாய்ச் சட்டகமும் எட்டு உருளைகள் கொண்ட எஞ்சினும் பொருத்தப்பட்ட, சுமார் 1,600 கிலோகிராம் எடையுள்ள பந்தயப் பொறிகளாகிவிட்டன.

புள்ளிகளின் அமைப்பு

பாப் லாட்ஃபோர்ட் வகுத்து 1975 முதல் 2003 வரை நடைமுறையில் இருந்த புள்ளி முறையில், தொடரின் எல்லாப் பந்தயங்களுக்கும் ஒரே மதிப்பு அளிக்கப்பட்டது. முதலிடத்துக்கு 175 புள்ளிகளும் இரண்டாமிடத்துக்கு 170 புள்ளிகளும் எனத் தொடங்கி, கீழிறங்கும் ஒவ்வோர் இடத்துக்கும் சிறிதளவே புள்ளி குறைந்தது. இவற்றுடன், ஒரு சுற்றையாவது முன்னணியில் இருந்து முடித்தவருக்கு 5 புள்ளிகளும், மிக அதிகமான சுற்றுகளில் முன்னணியில் இருந்தவருக்கு மேலும் 5 புள்ளிகளும் வழங்கப்பட்டன. இருவர் சமமான புள்ளிகள் பெற்றால், அந்த ஆண்டில் அதிகப் பந்தயங்களை வென்றவருக்கே பட்டம் உரியது.

கடைசிப் பந்தயம் தொடங்கியபோது ஆறு ஓட்டுநர்களுக்குப் பட்டம் பெறும் வாய்ப்பு இருந்தது. டேவி அலிசன் முதலிடத்திலும், அவருக்கு 30 புள்ளிகள் பின்னால் குல்விக்கியும், 40 புள்ளிகள் பின்னால் எலியட்டும் இருந்தனர். ஐந்தாம் இடம் பெற்றாலே போதும் என்ற நிலையில் இருந்த அலிசன், 250 சுற்றுகளுக்குப் பின் சக ஓட்டுநர் எர்னி இர்வனின் கார் கட்டுப்பாடிழந்து சுழன்றபோது அதனுடன் மோதிப் பட்டப் போட்டியிலிருந்து விலக நேர்ந்தது. அதன் பின்னர் பட்டம் குல்விக்கிக்கும் எலியட்டுக்கும் இடையிலான கணக்காகச் சுருங்கியது.

தடமும் பல்சக்கரமும்

அன்றைய அட்லாண்டா தடம் 1.522 மைல், அதாவது ஏறத்தாழ 2.45 கிலோமீட்டர் சுற்றளவு கொண்ட நீள்வட்டம். அதன் வளைவுகள் 24 பாகை சாய்வுடன் அமைந்திருந்தன. சமதளச் சாலையில் வளைவைக் கடக்கும் வாகனத்தை உட்புறமாகத் திருப்புவது டயருக்கும் தரைக்கும் இடையிலான உராய்வு விசை மட்டுமே. தளம் சாய்ந்திருந்தாலோ, தரை வாகனத்தைத் தாங்கும் விசையின் ஒரு பகுதியும் வளைவின் மையத்தை நோக்கிச் செயல்படுவதால் டயரின் உராய்வு மீது விழும் சுமை குறைகிறது. மணிக்கு 180 மைல் வேகத்தில் ஒரு சுற்றை ஏறக்குறைய 30 விநாடிகளில் முடிக்க இயல்வது இதனாலேயே. ஆயினும் வெப்பத்தாலும் தேய்மானத்தாலும் டயரின் பிடிப்பு சுற்றுக்குச் சுற்று குறைவதால், தடத்தின் ஓரத்தில் உள்ள 'பிட்' பகுதியில் அவ்வப்போது நின்று டயர்களை மாற்றுவதும் எரிபொருள் நிரப்புவதும் தவிர்க்க முடியாதவை.

இந்த நிறுத்தங்களே குல்விக்கிக்குப் பெருஞ்சோதனையாயின. முதல் நிறுத்தத்தின்போதே அவரது காரின் முதல் கியர் உடைந்ததால், அதன் பின்னர் அவர் நான்காம் கியரிலேயே கிளம்ப வேண்டியிருந்தது. எஞ்சினின் திருப்புவிசையைப் பன்மடங்காக்கிச் சக்கரங்களுக்குக் கொடுப்பது முதல் கியரின் பணி. நான்காம் கியரில் அவ்வாறு பெருக்கம் ஏதும் நிகழ்வதில்லை. எனவே நின்ற நிலையிலிருந்து நான்காம் கியரில் கிளம்பும் வாகனம், கிளட்சை மிகக் கவனமாக விடாவிட்டால் அணைந்துபோகும். ஒவ்வொரு நிறுத்தத்திலும் இழக்கப்போகும் விநாடிகளையும் கணக்கில் சேர்த்துக்கொண்டே அவரது குழு திட்டமிட வேண்டியிருந்தது.

எரிபொருளும் எண்ணிக்கையும்

அக்காலத்தில் இவ்வாகனங்களின் தொட்டி 22 கேலன், அதாவது சுமார் 83 லிட்டர் கொள்ளளவு உடையது. பந்தய வேகத்தில் ஒரு கேலனுக்கு நான்கு அல்லது ஐந்து மைல் மட்டுமே ஓட முடிந்தது. ஓட்டுநரின் முன்னே எரிபொருள் அளவுகாட்டி இல்லாததால், கடந்த தூரத்தையும் ஊற்றிய எரிபொருளின் எடையையும் கொண்டே மீதமுள்ளதைக் கணிக்க வேண்டும். கடைசி நிறுத்தத்தைத் தள்ளிப்போடும் ஒவ்வொரு சுற்றும் முன்னணிச் சுற்றுகளின் எண்ணிக்கையைக் கூட்டும். ஆனால் தொட்டி வற்றித் தடத்திலேயே நின்றுவிடும் ஆபத்தையும் கூட்டும்.

விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தின் மில்வாக்கி வளாகத்தில் இயந்திரப் பொறியியல் பயின்ற குல்விக்கியும், குழுத் தலைவர் பால் ஆண்ட்ரூஸும் இந்த இரு எண்களையும் ஒருசேரக் கண்காணித்தனர். 310-ஆம் சுற்று வரை முன்னணியில் நீடித்த பின்னரே குல்விக்கி நிறுத்தத்துக்கு வந்தார். நேரத்தை மிச்சப்படுத்த, டயர்களைத் தொடாமல் எரிபொருளை மட்டும் ஓரளவு நிரப்பிக்கொண்டு வெளியேறினார். எஞ்சிய 18 சுற்றுகளின் தூரமான 27 மைலுக்கு ஆறு கேலன் அளவுக்கு எரிபொருள் தேவைப்படும். காற்றின் எதிர்ப்பு வேகத்தின் இருமடிக்கு ஏற்ப உயர்வதால், வேகத்தை இரண்டு விழுக்காடு குறைத்தாலே அந்த எதிர்ப்பு ஏறத்தாழ நான்கு விழுக்காடு குறையும். இரண்டாமிடமே போதும் என்று தெரிந்த குல்விக்கி, எலியட்டைத் துரத்தாமல் எரிபொருளைச் சேமித்து ஓட்டியது இந்த விதிக்கு இணங்கிய முடிவாகும்.

பந்தயம் முடிந்தபோது குல்விக்கி 103 சுற்றுகளிலும் எலியட் 102 சுற்றுகளிலும் முன்னணியில் இருந்திருந்தனர். எலியட் 175-உடன் 5 சேர்த்து 180 புள்ளிகள் பெற, குல்விக்கி 170-உடன் 10 சேர்த்து அதே 180 புள்ளிகளைப் பெற்றார். பந்தயத்துக்கு முன்பிருந்த 10 புள்ளி இடைவெளி அப்படியே நிலைத்து, இறுதிக் கணக்கு 4,078-க்கு 4,068 என அமைந்தது. குல்விக்கியின் ஒரு சுற்று எலியட்டின் கணக்கில் சேர்ந்திருந்தால், ஒருவருக்கு 5 கூடி மற்றவருக்கு 5 குறைந்து இருவரும் 4,073 புள்ளிகளில் சமமாகியிருப்பர். அந்த ஆண்டில் இரண்டு பந்தயங்களை மட்டுமே வென்ற குல்விக்கியை முந்தி, ஐந்தை வென்ற எலியட்டே பட்டம் பெற்றிருப்பார்.

ஜூனியர் ஜான்சனின் வலிமையான அணியில் சேர வந்த அழைப்பை மறுத்து, சொந்த அணியை நடத்திக்கொண்டே ஓட்டிய குல்விக்கி, கல்லூரிப் பட்டம் பெற்றவர்களுள் இந்தக் கோப்பையை வென்ற முதல்வர். ஐந்து மாதங்கள் நிறைவதற்குள், 1993 ஏப்ரல் 1 அன்று டென்னசி மாநிலத்தில் நிகழ்ந்த விமான விபத்தில் அவர் உயிரிழந்தார். அவரது குழு அஞ்சிய சமநிலை வெறும் ஊகமன்று என்பதை 2011-ஆம் ஆண்டின் தொடர் மெய்ப்பித்தது: டோனி ஸ்டூவர்ட்டும் கார்ல் எட்வர்ட்ஸும் 2,403 புள்ளிகளில் சமமாக முடித்தபோது, ஐந்து பந்தயங்களை வென்ற ஸ்டூவர்ட்டுக்கு, ஒன்றை மட்டும் வென்ற எட்வர்ட்ஸைத் தாண்டிப் பட்டம் வழங்கப்பட்டது. வேகமே ஆளும் எனக் கருதப்படும் ஒரு விளையாட்டில், அளவறிந்து எண்ணிச் செயல்படும் ஒழுக்கமும் பட்டத்தைத் தீர்மானிக்க வல்லது என்பதற்கு 1992 அட்லாண்டா பந்தயம் ஐயத்துக்கு இடமற்ற சான்றாகும்.