கேட்டுச் செய்யுங்கள், தோழியரே!

முதியோர் இல்லம் என்றாலே நம் பெண்கள் இரண்டு விதமாகப் பேசுவார்கள். "பெத்தவளைக் கொண்டுபோய் விட்டுட்டானே, பாவி!" என்று ஒரு கட்சி. "அங்கே வேளாவேளைக்குச் சாப்பாடு, மருந்து எல்லாம் கிடைக்குது. என்ன குறை?" என்று இன்னொரு கட்சி. எங்கள் ஊரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் பெண்கள் இல்லத்துக்கு நான் ஆறேழு ஆண்டுகளாக வாரம் இரண்டு நாள் போய் வருகிறேன். பேப்பர் படித்துக் காட்டுவது, போன் போட்டுக் கொடுப்பது, மாத்திரைச் சீட்டைப் பார்த்து எது காலை, எது ராத்திரி என்று சொல்வது, இவ்வளவுதான் என் வேலை. அந்தப் பழக்கத்தில் சொல்கிறேன், இரண்டு கட்சியும் பாதிதான் சரி.

அங்கே முப்பது பேருக்கு மேல் இருக்கிறார்கள். காசு வாங்குவதில்லை. ஏறக்குறைய எல்லோரும் கணவரை இழந்தவர்கள். அவர்களில் ஒரு பெரியம்மாவைப் பற்றி எழுதத்தான் இந்தக் கடிதம். பெயர் வேண்டாம். வயது எழுபத்தெட்டு. கணவர் சின்னதாக மளிகைக் கடை வைத்திருந்தவர். அந்த வியாபாரத்தில் மிச்சம் பிடித்துக் கட்டிய ஓட்டு வீடு. ஒரு மகன், ஒரு மகள்.

2011-ல் கணவர் காலமானார். காரியம் முடிந்து இரண்டு மாதத்தில் மகன் இவரையும் தங்கையையும் ரிஜிஸ்திரார் ஆபீசுக்கு அழைத்துப் போனாராம்.

"இங்க ஒரு கையெழுத்து, அங்க ஒரு கையெழுத்துன்னான். போட்டேன். எதுக்குன்னு அவனும் சொல்லலை, நானும் கேக்கலை. பெத்த பிள்ளைகிட்ட என்னத்தைக் கேக்கறது?"

அடுத்த வருடமே வீடு விலைபோனது. மகன் நகரத்தில் அடுக்குமாடி வீடு வாங்கினார். பெரியம்மாவுக்கு ஹாலில் ஒரு கட்டில். பேரனுக்குக் காதுகுத்து வந்தது. விடியற்காலையில் எழுந்து பாயசத்துக்கு முந்திரி வறுத்தது பெரியம்மாதான். ஆனால் விசேஷம் நடக்கும்போது, "நீங்க உள்ளேயே இருங்கத்தே, எங்க வீட்டு மனுஷங்க எல்லாம் வந்திருக்காங்க" என்று மருமகள் சொல்லிவிட்டாராம். குழந்தை அழுத சத்தம் மட்டும் கேட்டதாம் இவருக்கு.

2021-ல் குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்தது. மருமகளைக் குறை சொல்ல நான் வரவில்லை. வேலைக்குப் போகிறவர், இரண்டு பிள்ளைகள், படுக்கையில் மாமியார். ஆறு மாதம் பார்த்தார்கள். மகள் வீட்டிலோ அவளுடைய மாமியாரும் படுத்த படுக்கை. "கொஞ்ச நாள் அங்க இருந்து பாரும்மா" என்று மகன் 2022-ல் இல்லத்தில் கொண்டுவந்து விட்டார். தீபாவளிக்குப் புடவை வருகிறது. எப்போதாவது போன் வருகிறது.

முதல் இரண்டு மாதம் பெரியம்மா சுவரைப் பார்த்துப் படுத்தே இருந்தார். யாருடனும் பேச்சு இல்லை. சாப்பிடக் கூப்பிட்டால் போவார், வருவார், அவ்வளவுதான்.

கார்த்திகை தீபம் வந்தது. வார்டன் அம்மா தீப்பெட்டியை இவர் கையில் கொடுத்து, "பெரியம்மா, முதல் விளக்கை நீங்க ஏத்துங்க" என்றார். பெரியம்மா கையை இழுத்துக்கொண்டார். "நான் ஏத்தலாமா?" என்று மெதுவாகக் கேட்டார். பக்கத்துக் கட்டில் பாட்டி சிரித்துவிட்டார். "இங்க எல்லாரும் உன்னை மாதிரிதான்டி. யாரு யாரை ஒதுக்கறது? நீ ஏத்தலைன்னா எல்லாரும் இருட்டுலதான் உக்காரணும்!"

ஏற்றினார். அன்று நானும் அங்கே இருந்தேன். பதினோரு வருடத்துக்குப் பிறகு ஒரு நல்ல நாளில் அவரை முன்னால் நிற்கச் சொன்னவர்கள் உறவுக்காரர்கள் இல்லை, அந்த இல்லத்து மனுஷிகள்தான். அதனால்தான் "ஐயோ பாவம், முதியோர் இல்லம்" என்று மட்டும் சொல்ல எனக்கு வாய் வருவதில்லை.

அதன் பிறகு ஒரு நாள் யாரோ ஒரு மூட்டை எலுமிச்சம்பழம் கொடுத்தார்கள். சமையல்காரப் பெண் இவரிடம் வந்து, "பெரியம்மா, உப்பு எவ்வளவு போடட்டும்? எத்தனை நாள் வெயில்ல வைக்கட்டும்?" என்று கேட்டிருக்கிறாள். வாக்கரைப் பிடித்துக்கொண்டு சமையல்கட்டுக்கு வந்தவர்தான். இன்று ரசத்துக்கு உப்பு பார்ப்பதும், கீரை ஆயச் சொல்லிக் கொடுப்பதும் அவர்தான். "என்னைக் கேக்கறாங்கம்மா" என்று என்னிடம் சொன்னபோது முகத்தில் அப்படி ஒரு பூரிப்பு!

இல்லத்துக்கு வந்து உதவுகிற நாம் கேட்கிறோமா? பிறந்த நாள், கல்யாண நாள், நினைவு நாள் என்று சாப்பாடு போடுகிறோம். நல்ல காரியம்தான். ஆனால் ஒரே ஞாயிற்றுக்கிழமையில் மூன்று வீட்டு லட்டு வருகிறது, பாதிப் பேருக்குச் சர்க்கரை வியாதி! போர்வை அலமாரி நிரம்பி வழிகிறது. கொடுப்பதற்கு முன் போட்டோ, கொடுத்த பின் போட்டோ. சிரிக்கச் சொன்னால் சிரிக்கிறார்கள்.

ஒரு நாள் நோட்டுப் புத்தகம் எடுத்துக்கொண்டு போய், "உங்களுக்கு என்னதான் வேணும்?" என்று ஒவ்வொருவரையும் கேட்டு எழுதினேன். கையைத் தூக்க முடியாததால் முன்பக்கம் திறக்கும் தளர்வான ரவிக்கை, நாடா வைத்த உள்பாவாடை, பவர் மாற்றின மூக்குக் கண்ணாடி, காது மெஷினுக்கு பேட்டரி, நகவெட்டி, தேங்காய் எண்ணெய், பெரியவர்களுக்கான டயாப்பர், போனுக்கு ரீசார்ஜ். குளியலறையில் பிடித்துக்கொள்ள ஒரு கம்பி. ஒரு பாட்டி, "சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போறியா?" என்றார். லட்டு கேட்டவர் ஒருவர்கூட இல்லை.

சென்னையில் சகோதரி சுப்புலட்சுமி சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் குழந்தை விதவைகளுக்கு ஆதரவு கொடுத்துப் படிக்க வைத்ததை நாம் அறிவோம். 1978-ல் சாவித்திரி வைத்தி ஆதரவற்ற முதிய பெண்களுக்கென்றே 'விஸ்ராந்தி'யைத் தொடங்கினார். அன்று பத்து வயதில் தாலி இழந்தவளுக்கு வீடு தேவைப்பட்டது, இன்று எழுபது வயதில் இழப்பவளுக்குத் தேவைப்படுகிறது. நாளை நமக்கும் தேவைப்படலாம். அதனால் கொஞ்சம் சட்டமும் தெரிந்து வைத்துக்கொள்வோம். இதை விவரமறிந்த ஒரு வக்கீல் அம்மாவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன்.

கணவர் தன் சம்பாத்தியத்தில் வாங்கிய வீட்டுக்கு உயில் எழுதாமல் இறந்தால், 1956-ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் சம பங்கு. கணவரின் தாய் உயிரோடு இருந்தால் அவருக்கும் உண்டு. நம் பெரியம்மாவுக்கு அந்த வீட்டில் மூன்றில் ஒரு பங்கு இருந்தது. அதைத்தான் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

2007-ல் வந்த பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டப்படி, தன்னைப் பராமரித்துக்கொள்ள வழியில்லாத தாய், மகனிடமோ மகளிடமோ ஜீவனாம்சம் கேட்கலாம். நம் மாநிலத்தில் வருவாய்க் கோட்டாட்சியரிடம் மனுக் கொடுக்க வேண்டும். மாதம் 10,000 ரூபாய் வரை கிடைக்க வழி உண்டு. நோட்டீஸ் போனதிலிருந்து 90 நாளில் முடிக்க வேண்டும் என்பது விதி. "என்னைப் பார்த்துக்கொள்ள வேண்டும்" என்ற நிபந்தனையோடு சொத்தைக் கொடுத்து, அவர்கள் பார்க்காமல் விட்டால், அந்தப் பத்திரத்தை ரத்து செய்யவும் அதே சட்டத்தின் 23-ஆம் பிரிவில் இடம் இருக்கிறது. மத்தியப் பிரதேசத்துத் தாய் ஒருவர் மகனுக்குத் தானமாகக் கொடுத்த சொத்தை 2025 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அவரிடமே திருப்பிக் கொடுக்கச் சொன்னது இந்தப் பிரிவின்படிதான்.

பெரியம்மாவிடம் இதையெல்லாம் சொன்னேன். "பெத்த பிள்ளை மேல கேஸ் போட்டுட்டு நான் எந்த முகத்தோட இருக்கறது? வேணாம்மா" என்றார். அது அவர் முடிவு. அவரைக் கேட்காமல் எல்லோரும் முடிவு செய்தது போதாதா? நானும் வற்புறுத்தவில்லை. ஆனால், "நீ பேப்பருக்கு எழுது. இன்னும் கையெழுத்துப் போடாதவங்க நிறையப் பேர் இருப்பாங்க" என்றார்.

எனவே சகோதரிகளே, துக்க வீட்டில் எந்தக் காகிதம் வந்தாலும் உடனே கையெழுத்துப் போடாதீர்கள். படிக்கச் சொல்லிக் கேளுங்கள். ஒரு மாதம் தள்ளிப் போட்டால் ஒன்றும் குடி முழுகிவிடாது. பிள்ளைகளுக்குக் கொடுப்பதானாலும் ஆயுள் வரை குடியிருக்கும் உரிமையையும், உங்களைப் பராமரிக்க வேண்டும் என்ற நிபந்தனையையும் பத்திரத்திலேயே எழுதி வாங்குங்கள். உயிலாக எழுதினால் உயிரோடு இருக்கும்வரை மாற்றிக்கொள்ளலாம். ஆதரவற்ற முதியவர் யாரையாவது பார்த்தால் 14567 என்ற எண்ணுக்குப் போன் செய்யுங்கள், கட்டணம் கிடையாது.

இல்லத்துக்கு உதவப் போகிறவர்கள் ஒரு நாள் முன்னதாக வார்டனுக்குப் போன் போட்டு, "என்ன தேவைப்படுது?" என்று கேளுங்கள். நம் வீட்டிலேயே மாமியாரோ அம்மாவோ இருந்தால், நாளைக் காலையில், "இன்னிக்கு என்ன குழம்பு வைக்கலாம், சொல்லுங்க" என்று ஒரு வார்த்தை கேட்டுத்தான் பாருங்களேன். காசா, பணமா?

— ஒரு வாசகி,
திருச்சி.