மூலிகை ஊசியும் வயிற்றுக் கொழுப்பும்

ஊட்டக்குறைவு இன்னும் நீங்காத நமது நாட்டில் மிகைப் பருமனும் பொதுச் சுகாதாரப் பிரச்சினையாக வளர்ந்து வருகிறது. 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் மிகை எடையோ பருமனோ உடையவர்கள், 2015-16ஆம் ஆண்டு தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 20.6 சதவீதம். 2019-21 ஆய்வில் இது 24 சதவீதமாக உயர்ந்தது. நகர்ப்புறங்களில் மட்டும் 33.2 சதவீதம்.

இந்நிலையில், மூலிகைச் சாற்றை ஊசி மூலம் வயிற்றில் செலுத்திக் கொழுப்பைக் கரைப்பதாகக் கூறும் சிகிச்சைகள் பெண்களைக் கவர்கின்றன. இயற்கைப் பொருள் தீங்கற்றது என்னும் நம்பிக்கையே இவற்றின் மூலதனம். இந்நம்பிக்கையை ஆராய்வது அவசியம்.

வயிற்றுக் கொழுப்பு இருவகைப்படும். ஒன்று தோலுக்கு அடியில் படிவது. மற்றொன்று குடல், கல்லீரல் போன்ற உள்ளுறுப்புகளைச் சூழ்ந்திருப்பது. நீரிழிவுடனும் இதய நோயுடனும் நெருங்கிய தொடர்புடையது இரண்டாவது வகையே. தோலடி ஊசியின் மருந்து அதனைச் சென்றடைவதில்லை. 2004இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில், பருமனான 15 பெண்களின் வயிற்றுத் தோலடிக் கொழுப்பு அறுவை முறையில் உறிஞ்சி அகற்றப்பட்டது. சராசரியாக ஒவ்வொருவரிடமும் 9 கிலோவுக்கு மேல் அகற்றிய பின்னரும், இன்சுலின் செயல்திறனிலோ இரத்த அழுத்தத்திலோ முன்னேற்றம் காணப்படவில்லை. சில மில்லி லிட்டர் சாறு இதனினும் மிகுதியாகச் சாதிக்கும் என எதிர்பார்ப்பதற்கில்லை.

வாய்வழி உட்கொள்ளும் மருந்து செரிமானத்தையும் கல்லீரலையும் கடந்தே உடலில் பரவுகிறது. ஊசிமருந்துக்கு இத்தடைகள் இல்லை. ஆகவே அது கிருமியற்றதாகவும் அளவு திட்டமானதாகவும் இருத்தல் வேண்டும். மூலிகைச் சாறோ பல வேதிப் பொருள்களின் கலவை. மண்ணுக்கும் பருவத்திற்கும் ஏற்ப மாறுவது. நித்திய கல்யாணிச் செடியிலிருந்து கிடைக்கும் வின்கிரிஸ்டின் புற்றுநோய்க்கு ஊசியாகவே அளிக்கப்படுகிறது. ஆனால் அது பிரித்துத் தூய்மையாக்கப்பட்டு, முறையாகச் சோதிக்கப்பட்ட தனிப்பொருள். அங்கீகாரமற்ற கொழுப்புக் கரைப்பு ஊசிகளால் தொற்று, நிலையான தழும்பு, கட்டிகள் ஆகியவை ஏற்பட்டதாக அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2023இல் எச்சரித்தது.

நமது சட்டமும் இவ்வேறுபாட்டை உணர்ந்துள்ளது. 1940ஆம் ஆண்டு மருந்துகள், அழகுப் பொருள்கள் சட்டம், ஆயுர்வேத, சித்த, யுனானித் தனிவகைத் தயாரிப்புகளின் வரையறையிலிருந்து ஊசிவழி மருந்துகளை விலக்கியுள்ளது. 2015இல் வகுக்கப்பட்ட தாவர மருந்து வரையறையும் அவ்வாறே விலக்குகிறது. எனவே, இத்தகைய ஊசி எதுவாயினும் புதிய மருந்தாகச் சோதனைகளைக் கடந்து அனுமதி பெறவேண்டும். மேலும், 1954ஆம் ஆண்டு மருந்துகள், மந்திரத் தீர்வுகள் சட்டம், பருமனைக் குணப்படுத்துவதாக மருந்தை விளம்பரம் செய்வதைத் தடை செய்கிறது. முதல் குற்றத்திற்கே ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு.

நிரூபிக்கப்படாத சிகிச்சையில் குடும்பத்தின் பணம் மட்டுமன்றி, நீரிழிவைத் தொடக்கத்திலேயே கண்டறியும் காலமும் வீணாகிறது. பெண்களுக்கு 80 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட இடுப்புச் சுற்றளவு எச்சரிக்கைக் குறியாகும். கிராமங்களில் ஆஷா பணியாளர்கள் நிரப்பும் படிவத்தில் இவ்வளவும் இடம்பெற்றுள்ளது. அளவுநாடாவால் எடுக்கும் அந்த அளவு, இரத்தச் சர்க்கரைப் பரிசோதனைக்கும், உணவுமுறை, உடலுழைப்பு, தேவைப்படின் மருத்துவரின் சிகிச்சை ஆகியவற்றிற்கும் இட்டுச் செல்ல வேண்டும். அவ்வாறு செய்வதே பெண்களின் நலனைக் காக்கும் வழியாகும்.