அறிவுரை கிடைக்காத அறை

"மனசு சரியில்லை" என்று சொல்லிக்கொண்டு கவுன்சிலிங்குக்கு வருகிறவர்கள் நம் கோவைப் பக்கம் குறைவு. "நெஞ்சு படபடங்குதுங்க, தூக்கம் புடிக்கறதில்லீங்க" என்றுதான் பேச்சு ஆரம்பிக்கும். கையிலிருக்கும் பையில் ஈசிஜி, எண்டோஸ்கோபி ரிப்போர்ட்டுகள், எல்லாமே நார்மல்.

கணபதியில் லேத் பட்டறை வைத்திருக்கும் 45 வயதுக்காரர் ஒருவர் இப்படிக் காந்திபுரத்தில் ஒரு மனநல ஆலோசகரிடம் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஜாப் ஒர்க் குறைந்துவிட்டது, வங்கித் தவணை நிற்கிறது. 'தைரியமா இருங்க' என்ற சொல்லை எதிர்பார்த்து உட்காருவார். அது கிடைக்காது. அதைத்தான் சொந்தக்காரர்கள் ஆறு மாதமாக இலவசமாகக் கொடுத்துக்கொண்டிருக்கிறார்களே!

முதல் நாள் பெரும்பாலும் கேள்விகள்தான். எப்போதிருந்து, எத்தனை மணிக்கு விழிப்பு வருகிறது, குடி உண்டா, தைராய்டு பார்த்தாயிற்றா? கடந்த இரண்டு வாரத்தைப் பற்றிய ஒன்பது கேள்விகள் கொண்ட தாளையும் சிலர் நிரப்பச் சொல்வார்கள். "செத்துப்போயிரலாம்னு எப்பவாச்சும் தோணுச்சுங்களா?" என்று நேரடியாகவே கேட்பார்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. கேட்க ஒரு ஆள் கிடைத்ததில் பலருக்குப் பாரம் குறையும்.

அடுத்து, அவருடைய ஒரு நாளைப் பிரித்துப் பார்ப்பார்கள். கடன்காரர் கூப்பிடுவாரோ என்று போனை எடுப்பதில்லை. எடுக்காததால் வர வேண்டிய ஆர்டரும் போகிறது. போனதும், 'நான் எதுக்கும் லாயக்கில்லை' என்ற நினைப்பு. அந்த நினைப்போடு படுத்தால் தூக்கம் ஏது? மறுநாள் போனை எடுக்க இன்னும் பயம். 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் கவனித்தது இதைத்தான்: சோர்வில் இருப்பவருக்குத் தானாக எழும் நினைப்புகள் அவருக்கு உண்மையாகவே படுகின்றன. 'லாயக்கில்லை' என்பதற்கு ஆதாரம் என்ன, எதிராக என்ன இருக்கிறது என்று இருவரும் சேர்ந்து எழுதிப் பார்ப்பார்கள்.

எழுதுவதோடு நிற்காது. திங்கட்கிழமை பட்டறை திறந்ததும் இரண்டு பார்ட்டிக்குப் போன், புதன்கிழமை சாயங்காலம் ரேஸ்கோர்ஸில் அரை மணி நேர நடை என்று அட்டவணை போடுவார்கள். செய்த பின் மனசு எப்படி இருந்தது என்று பத்துக்கு மார்க் போட வேண்டும். மனசு சரியானதும் செய்யலாம் என்று காத்திருக்காமல், செய்வதை வைத்து மனசை நகர்த்தும் வழி இது.

கேட்க ரொம்பச் சாதாரணமாக இருக்கிறதல்லவா? ஆனால் கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் கடும் மனச்சோர்வு இருந்தவர்களுக்கு, பயிற்சி பெற்ற சாதாரண ஆட்கள் ஆறிலிருந்து எட்டு அமர்வுகளில் இதைச் செய்துகாட்டினார்கள். மூன்று மாதத்தில் மனச்சோர்வு விலகியவர்கள் 64 சதவீதம். வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களில் 39 சதவீதம். விக்ரம் படேல் குழுவினரின் இந்த ஆய்வு 2017இல் லான்செட் இதழில் வந்தது.

கவுன்சிலிங் கடனை அடைக்காது. வங்கி மேனேஜரிடம் போய் உட்காரும் தெம்பைத் தரலாம், அவ்வளவுதான். நோய் முற்றியிருந்தால் மாத்திரையும் வேண்டும். அதை எழுத வேண்டியவர் மனநல மருத்துவர். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு இருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம்.

"அவரு உள்ள என்னங்க சொன்னாரு?" என்று வீட்டம்மா போன் செய்தாலும் பதில் வராது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் சிகிச்சை விவரங்களை ரகசியமாக வைக்கச் சொல்கிறது. உயிருக்கு ஆபத்து போன்ற சில நிலைகள் விதிவிலக்கு.

பணம் கட்ட முடியாதவர்களுக்குத் திருச்சி ரோட்டில் இருக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. ராத்திரி இரண்டு மணிக்குத் தாங்கவில்லை என்றால் 14416, டெலிமானஸ். தமிழிலேயே பேசலாம், கட்டணமில்லை. நாலைந்து அமர்வு போயும் ஒட்டவில்லை என்றால், "இது எனக்குச் சரிப்பட்டு வரலீங்க" என்று ஆலோசகரிடமே சொல்லுங்கள். முறையை மாற்றுவார், இல்லையென்றால் வேறொருவரிடம் அனுப்பி வைப்பார்.