கர்னலுக்கு உள்ளேயா, வெளியேயா?

பிரிண்டர், கீபோர்டு, நெட்வொர்க் கார்டு என எந்தச் சாதனமானாலும், அதை இயக்கும் விவரம் தெரிந்த மென்பொருள் டிரைவர்தான். டிரைவர் எழுதுவோர் முதலில் முடிவு செய்ய வேண்டியது, அதை எங்கே ஓடவிடுவது என்பது.

இயங்குதளத்தின் மையமான கர்னலுக்குள் ஓடும் டிரைவருக்கு எல்லா மெமரியும் திறந்திருக்கும். வேகம் கிடைக்கும், ஆனால் ஒரு டிரைவர் பிசகினால் கணினியே விழும். 2024 ஜூலை 19 அன்று உலகெங்கும் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு நின்றன. காரணம், கிரவுட்ஸ்டிரைக் பாதுகாப்பு மென்பொருளின் டிரைவர். அது எந்தச் சாதனத்தையும் இயக்குவதல்ல. ஆனாலும் கர்னலுக்குள் இருந்தது. 20 மதிப்புகளே இருந்த பட்டியலில் 21ஆவதைப் படிக்கப் போய் எல்லை மீறியது.

இதற்கு மாற்றாக, 2005இல் ஆண்ட்ரூ டானென்பாம் குழு வெளியிட்ட மினிக்ஸ் 3, டிரைவர்களைச் சாதாரண நிரல்களைப் போலக் கர்னலுக்கு வெளியே ஓடவைத்தது. ஒன்று செத்தால் அதை மட்டும் மறுபடி தொடங்கிவிடலாம். ஆனால் ஒவ்வொரு வேலைக்கும் கர்னலுக்குத் தகவல் போய்வர வேண்டும். அந்த அளவுக்கு வேகம் குறையும். லினக்ஸ் பெரும்பாலும் உள்ளேயே வைத்திருக்கிறது. விண்டோஸ், விஸ்டா காலத்திலிருந்து சில வகை டிரைவர்களுக்கு வெளியே இடம் கொடுத்திருக்கிறது.

அடுத்த கேள்வி, சாதனத்தில் நடப்பதை எப்படி அறிவது. சாதனமே 'இன்டரப்ட்' அனுப்பி பிராசஸரைக் கூப்பிடலாம்; அல்லது டிரைவர் அவ்வப்போது போய்ப் பார்க்கலாம். எப்போதாவது தட்டப்படும் கீபோர்டுக்கு இன்டரப்ட் போதும். ஒரு ஜிகாபிட் நெட்வொர்க்கில் மிகச் சிறிய பாக்கெட்டுகளாக வந்தால், நொடிக்கு சுமார் 14.88 லட்சம் வரை வரக்கூடும். ஒவ்வொன்றுக்கும் கூப்பிட்டால் பிராசஸருக்கு வேறு வேலையே ஓடாது. லினக்ஸின் 'நாப்பி' முறை இரண்டையும் சேர்க்கிறது: முதல் பாக்கெட்டுக்கு இன்டரப்ட் வரும், உடனே அதை அணைத்துவிட்டு, குவிந்தவற்றைக் கொத்துக்கொத்தாக எடுக்கும், வரத்து தீர்ந்ததும் திரும்ப இயக்கும்.

தரவை ஒவ்வொரு பைட்டாகப் பிராசஸர் நகர்த்தாமல், சாதனமே நேரடியாக மெமரியில் எழுதும் முறை டிஎம்ஏ. முகவரி தவறினால் அது யாருடைய மெமரியிலும் எழுதிவிடும். டிரைவரை வெளியே வைத்தாலும் இந்த ஆபத்து தீராது. ஆகவே சாதனம் தொடக்கூடிய பகுதிக்கு வரம்பு கட்ட ஐஓஎம்எம்யூ என்ற வன்பொருள் தேவைப்படுகிறது.

கர்னலுக்கும் டிரைவருக்கும் இடையிலான இணைப்பை மாற்றாமல் வைப்பதா என்பதும் ஒரு முடிவு. மாறாவிட்டால் பழைய டிரைவர் புதிய பதிப்பிலும் ஓடும்; கர்னலைத் திருத்துவோரின் கைகள் கட்டப்படும். லினக்ஸ் அந்த உறுதியைத் தருவதில்லை. பதிலுக்கு, கர்னலோடு சேர்ந்த டிரைவர்களை மாற்றம் செய்பவரே திருத்திக் கொடுக்கிறார். வெளியே தனியாக வைத்திருப்பவர் பதிப்புதோறும் தாமே திருத்த வேண்டும்.

கடைசியாக மொழி. வெகுகாலம் பெரும்பாலும் சி மொழியிலேயே எழுதப்பட்டுவந்த லினக்ஸ், 2022 டிசம்பரில் வந்த 6.1 பதிப்பிலிருந்து ரஸ்டுக்கும் இடம் தருகிறது. மெமரிப் பிழைகள் பலவற்றை அந்த மொழி கம்பைல் செய்யும்போதே பிடித்துவிடுவதால், டிரைவரைக் கர்னலுக்குள் வைத்தபடியே ஆபத்தைக் குறைக்க வழி கிடைக்கிறது.